வலங்கைமான் தந்த வெள்ளி நாவலர்

கும்பகோணத்திற்கு அருகில், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில், வலங்கைமான் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் சீனிவாசன் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண சாஸ்திரியார் வேதம் ஓதும் புரோகிதர். வீட்டில் நூலறிவு இருந்தது; பொருள் இல்லை. அதற்குப் பத்து நாள் கழித்து, அக்டோபர் 2ஆம் நாள், போர்பந்தரில் மற்றொரு குழந்தை பிறந்தது. அக்குழந்தை மகாத்மா காந்தி. பிற்காலத்தில் இவ்விருவரும் ஒருவரையொருவர் சகோதரர் என்றே அழைத்துக்கொண்டனர்; எனினும் அரசியலில் இருவர் வழியும் வேறுவேறாகவே இருந்தன.

சீனிவாசன் கும்பகோணத்தில் பள்ளிக் கல்வியையும் கல்லூரிக் கல்வியையும் முடித்து, 1888இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் பட்டம் பெற்றவர் வழக்கறிஞராகவோ அரசு அலுவலராகவோ ஆவதே வழக்கம். அவர் ஆசிரியரானார். மாயவரத்தில் தொடங்கிய ஆசிரியப்பணி சேலத்திலும் பின்னர்ச் சென்னையிலும் தொடர்ந்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக அவர் விளங்கிய ஆண்டுகளைப் பற்றி அவரிடம் கற்றவர்கள் நெடுங்காலம் பேசிவந்தனர். 1904இல் அதே திருவல்லிக்கேணியில் மக்கள் நியாய விலையில் பொருள் வாங்குவதற்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதனைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர்.

பிற்காலத்தில் உலகம் புகழ்ந்த அவருடைய சொல்வன்மைக்கு வகுப்பறையே நாற்றங்கால். சாஸ்திரியார் ஆங்கில உச்சரிப்பில் மிகுந்த கண்டிப்பு உடையவர். ஒரு சொல்லில் எந்த அசை அழுத்தம் பெறும், எது மெலிந்து ஒலிக்கும் என்பதில் ஐயம் எழுந்தால் அதனைத் தீர்த்துக்கொள்ளாமல் விடமாட்டார். பிறர் தவறாக ஒலித்தால் திருத்துவார்; தாம் தவறினால் தம்மையும் திருத்திக்கொள்வார். இஃது ஏதோ வீண் நுணுக்கம் என்று உங்களுக்குத் தோன்றலாம். வால், வாள், வாழ் என்னும் மூன்று சொற்களையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். அவை மூன்றும் ஒன்றுபோல் ஒலித்தால், கேட்பவர் குரங்கின் வாலையும் வீரனின் வாளையும் பிரித்தறிய இயலாது. பிறமொழி பேசும் ஊர்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இவ்விடர்ப்பாடு நன்கு தெரியும். சாஸ்திரியாருக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று. கற்றுப் பெற்ற மொழி. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் அவர் முயன்று தமதாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர் குரலைக் கேட்டவர்கள் அதனை இனிமையும் தெளிவும் உடையது என்று எழுதியுள்ளனர்; ஓங்கி முழங்கும் குரல் என்று எழுதவில்லை. ஒலிபெருக்கி வழக்கிற்கு வராத காலம் அது. பெரிய மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் பேச்சுக் கேட்கவேண்டுமானால் கத்தத்தான் வேண்டும் என்று பலர் எண்ணுவர். உண்மையில், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் நிறுத்திச் சொன்னால் நடுத்தரக் குரலே நெடுந்தொலைவு செல்லும். மூச்சு முடியும் இடத்தில் அன்று, கருத்து முடியும் இடத்தில் நிறுத்தவேண்டும். கத்துபவருடைய சொல் மண்டபத்தில் எதிரொலித்துக் குழம்பிவிடும். சாஸ்திரியாரோ பதற்றமின்றிப் பேசினார். சினம் கொண்ட போதும் குரலை உயர்த்தாமல் சொல்லைக் கூர்மையாக்கினார்.

ஆயினும் நாவன்மை மட்டும் ஒருவரைத் தலைவராக்கிவிடாது. அவருக்குப் பொதுவாழ்வின் கதவைத் திறந்தவர் கோபால கிருஷ்ண கோகலே. கோகலே 1905இல் புனே நகரில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவியிருந்தார். தமக்கெனப் பொருள் ஈட்டாமல் நாட்டிற்கு உழைப்போம் என்று உறுதி கூறுபவர்களே அதில் சேரலாம். சேர்ந்தவர் உடனே மேடையேறிவிட முடியாது; ஐந்து ஆண்டுகள் கற்றும் நாட்டைச் சுற்றிப் பார்த்தும் பயிற்சி பெறவேண்டும். கோகலே சட்டமன்றத்தில் ஒரு மணி நேரம் பேசுவதற்கு எத்தனையோ நாள்கள் அரசின் வரவுசெலவுக் கணக்குகளைப் புரட்டுவார். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகளிடமும், ஓராண்டு நாட்டைச் சுற்றிப் பார்த்த பின்னரே பொதுச் செய்திகளில் கருத்துரைக்க வேண்டும் என்று அவர் வாக்குப் பெற்றார். அத்தகைய ஆசானிடம் 1907இல், தலைமையாசிரியர் பதவியையும் ஊதியத்தையும் விட்டுவிட்டுச் சாஸ்திரியார் சேர்ந்தார். 1915இல் கோகலே மறைந்தபோது சங்கத்தின் தலைமை அவரிடம் வந்தது. அடுத்த ஆண்டு இந்திய அரசின் பேரவையான இம்பீரியல் சட்டமன்றத்திலும் அவர் உறுப்பினரானார்.

அவருடைய உரைகளுள் வரலாற்றில் நிலைத்தது 1919 பிப்ரவரியில் தில்லியில் நிகழ்த்திய உரை. இன்று தில்லி சட்டப்பேரவை கூடும் பழைய தலைமைச் செயலகக் கட்டடத்தில்தான் அக்காலத்தில் இம்பீரியல் சட்டமன்றம் கூடியது. உங்களில் தில்லியில் படிப்பவர்கள் அக்கட்டடத்தைக் கண்டிருக்கலாம். முதல் உலகப் போர் முடிந்திருந்தது. போரில் துணை நின்ற இந்தியர்கள் உரிமைகளை எதிர்பார்த்தனர். அரசோ, நீதிபதி ரௌலட் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி ஒரு சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தது. ஐயத்திற்கு உரியவர் எவரையும் வழக்கு விசாரணையின்றிக் காவலில் வைக்கலாம்; தனி நீதிமன்றத்தில் நடுவர் குழுவின்றி விசாரிக்கலாம்; அதன் தீர்ப்பின்மேல் முறையீடும் இல்லை. அரசப் பிரதிநிதி செம்ஸ்போர்டு பிரபு தலைமை இருக்கையில் அமர்ந்திருந்தார். பார்வையாளர் பகுதியில் காந்தியடிகள் இருந்தார்.

சாஸ்திரியார் எழுந்தார். அவர் தம் வாதத்தை அமைத்த முறையைச் சற்று நிதானமாகக் காண்போம். எதிர்த்தரப்பின் கூற்றில் உண்மை உள்ள பகுதியை அவர் மறுக்கவில்லை. நாட்டில் வன்செயல் புரிபவர் சிலர் உளர். அவர்களை அடக்குவது அரசின் கடமை. அக்குற்றங்களின்மேல் அவையில் எவருக்கும் பரிவு இல்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்டுவிட்டதால், அவரைக் குற்றவாளிகளுக்குப் பரிந்து பேசுபவர் என்று ஒதுக்க எவராலும் இயலாமற்போயிற்று. அதன்பின் வாதம் திரும்பியது. தீய சட்டம் ஒன்று இயற்றப்பட்டால் அது தீயவர்மேல் மட்டும் பாய்வதில்லை. அச்சம் பிடித்த வேளையில் அரசு நிதானம் இழக்கும். அந்நியர் அரசு என்றால் சிறு நிகழ்ச்சியிலும் அந்த அச்சம் எளிதில் தோன்றும். அப்போது நாட்டின் மிகச் சிறந்த மனிதரும் ஐயத்திற்கு ஆளாவர். இரகசியக் காவலர் எந்த நேரம் வருவாரோ என்று அஞ்சி வாழ்வர். இதனை அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. தாம் கண்டதாகச் சொன்னார். கேட்பவர்க்கு நூலில் படித்த நியாயத்தைவிடக் கண்டவர் சொல்லும் சான்று நெஞ்சில் ஆழப் பதியும்.

அடுத்து அவர் ஒரு தராசை நிறுத்தினார். ஒரு தட்டில், சில போக்கிரிகள் பிடிபடாமல் தெருவில் உலவும் தீமை. மறுதட்டில், நேர்மையானவர் சட்டத்திற்கு அஞ்சி வீட்டிற்குள் அடைபட்டுக் கிடக்கும் தீமை. எது பெரிது? முன்னதே பொறுத்துக்கொள்ளத்தக்கது என்றார். பொறுப்பாட்சி தருகிறோம் என்று ஒரு கையால் வாக்களித்துவிட்டு, மறுகையால் மக்களின் துணிவைக் கெடுத்தால் அவ்வாக்கு வெறும் கேலியாகிவிடும் என்றும் எடுத்துக்காட்டினார். முடிவில், எங்கள் வேண்டுகோள் பயனின்றிப் போகுமானால் இங்குள்ள மிதவாதிகளும் கிளர்ச்சியில் சேர்வதே கடமையாகும் என எச்சரித்தார். அதனை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. கிளர்ச்சியில் தமக்கோ உடனிருந்தவர்க்கோ அதுவரை பங்கில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். அமைதியானவர் என்று பெயர் பெற்றவர் எச்சரித்தமையால்தான் அதற்கு எடை கூடியது.

அவை கட்டுண்டு கேட்டது. அரசப் பிரதிநிதியும் சாஸ்திரியாரின் முகத்திலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த உரையின் உண்மையும் உணர்ச்சியும் அவரைத் தொடாமல் இருக்க இயலாது என்றே காந்தியடிகளுக்கு ஒரு கணம் தோன்றிற்று. இச்செய்தியை அவர் தம் தன்வரலாற்றில் பதிந்துள்ளார். ஆனால் அரசு முன்னமே முடிவு செய்துவிட்டது. உறங்குபவரை எழுப்பலாம், உறங்குவதுபோல் நடிப்பவரை எழுப்ப இயலாது என்னும் கருத்துப்பட அதே இடத்தில் எழுதியும் உள்ளார்.

மார்ச் மாதத்தில் சட்டம் நிறைவேறியது. அவையிலிருந்த இந்திய உறுப்பினர்களின் எதிர்ப்பை அரசு பொருட்படுத்தவில்லை. ஏப்ரல் 6இல் நாடெங்கும் கடையடைப்பு. ஏப்ரல் 13இல் அமிர்தசரசில் ஜாலியன்வாலாபாக் படுகொலை. அரசு நிதானம் இழந்தால் என்ன நேரும் என்று சாஸ்திரியார் பிப்ரவரியில் உரைத்தது, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குருதியால் எழுதப்பட்டது.

அச்சட்டத்தை அத்துணை எதிர்த்த சாஸ்திரியார், அதனை மீறும் சத்தியாக்கிரகத்தை ஏற்கவில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். மக்கள் சட்டத்தை மதிக்கும் பழக்கத்தை இழந்துவிடுவர் என அவர் அஞ்சினார். பேசியும் எழுதியும் பேரம் செய்தும் உரிமைகளைப் பெறலாம் என்பதே அவர் நம்பிக்கை. ஜாலியன்வாலாபாக்கிற்குப் பிறகும் அந்நம்பிக்கையை விடாமல் வைத்திருந்தது பெருந்தன்மையா, பிழையா என்னும் கேள்வியை அவர் காலத்தவரே எழுப்பினர். அரசுக்கு வேண்டியவர் என்று அவரைக் கண்டித்தவர் பலர். பிழையாயினும் அது தன்னலத்தால் விளைந்தது அன்று என்பதை மட்டும் உறுதியாகக் கூறலாம். 1928இல் அரசு அளிக்க முன்வந்த உயர்ந்த விருதுப் பட்டத்தை அவர் வேண்டாமென்று மறுத்தவர்.

1921இல் இலண்டனில் கூடிய பேரரசு மாநாட்டிற்கு இந்தியாவின் சார்பில் அவர் சென்றார். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் இந்தியர் குடியேறி வாழ்ந்தனர். அங்கே உழைத்தனர், வரி செலுத்தினர், ஆனால் பல இடங்களில் வாக்குரிமை இல்லை. முறைப்படி குடியேறிய இந்தியரைச் சமமான குடிமக்களாக நடத்தவேண்டும் என்று அவர் வாதாடினார். தென்னாப்பிரிக்கா தவிர ஏனைய நாடுகள் அத்தீர்மானத்தை ஏற்றன. அவ்வாண்டே அவர் பிரிவி கவுன்சில் உறுப்பினராக்கப்பட்டார். அதற்குரிய ஆங்கில அடைமொழியைத் தமிழர் மகாகனம் என்று மொழிபெயர்த்துக்கொண்டனர். அதன்பின் தமிழ் இதழ்களில் அவர் மகாகனம் சீனிவாச சாஸ்திரியார் ஆனார். ஆங்கிலேயரோ அவரைப் பேரரசின் வெள்ளி நாவுடைய பேச்சாளர் என்றனர். ஆங்கிலம் இவ்வளவு அழகிய மொழி என்பதை அவர் பேசக் கேட்டபின்னரே உணர்ந்ததாக ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பேலியல் கல்லூரித் தலைவர் வியந்தார் என்பர்.

தீர்மானம் தாளில் இருந்தால் போதாது அல்லவா? 1922இல் அவர் ஆஸ்திரேலியாவிற்கும் நியூசிலாந்திற்கும் கனடாவிற்கும் கடல் கடந்து சென்று, ஊர் ஊராகப் பேசினார். 1925இல் ஆஸ்திரேலியா தன் நாட்டில் வாழ்ந்த இந்தியர்க்கு மத்திய தேர்தலில் வாக்குரிமை வழங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் விதைத்த சொல் அங்கே முளைத்தது. கென்யாவில் முளைக்கவில்லை. அங்குள்ள இந்தியரின் உரிமைக்காக 1923இல் இலண்டன் சென்று வாதாடினார். வளமான மேட்டுநிலம் வெள்ளையர்க்கே உரியது என்று ஆங்கில அரசு முடிவு செய்தது. மென்மையாகவே பேசிப் பழகிய சாஸ்திரியார் அன்று கடுஞ்சொல் வழங்கினார்.

1927இல் அவர் இந்திய அரசின் முதல் முகவராகத் தென்னாப்பிரிக்காவிற்குச் சென்றார். காந்தியடிகளும் அவரே செல்லவேண்டும் என்று விரும்பினார். அங்கு வாழ்ந்த இந்தியருள் தமிழர் மிகப் பலர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்த முதல் கப்பலிலிருந்து தொடங்கி, கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கச் சென்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். தாத்தாவின் ஊரை அவர்களுட் பலர் கண்டதில்லை. இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய இரு அரசுகளும் கேப்டவுனில் செய்துகொண்ட உடன்பாட்டில், அங்கேயே தங்கும் இந்தியரின் கல்வியை உயர்த்தவேண்டும் என்று ஒரு பகுதி இருந்தது. இந்தியரைத் தாய்நாட்டிற்குத் திருப்பி அனுப்ப ஊக்கமளிக்கும் பகுதியும் அதே உடன்பாட்டில் இருந்தது; அது பலருக்குக் கசந்தது.

சாஸ்திரியார் கல்விப் பகுதியைப் பற்றிக்கொண்டார். வெள்ளையர் நகர மன்றங்களிலும் பிற அவைகளிலும் அவர் உரையாற்றினார். இந்தியரை இழிவாக எண்ணியவரும் அவர் பேச்சைக் கேட்க வந்தனர். இந்தியர் எங்கள் வாழ்க்கைத் தரத்திற்கு உயரவில்லை என்கிறீர்கள். உயர்வதற்குரிய கல்வியை ஏன் கொடுக்கவில்லை என்பதே அவர் வாதத்தின் சாரம். எதிர்ப்பவர் தம் தரப்பிற்கு ஆதாரமாகக் கொண்டதையே தம் கோரிக்கைக்கு அடித்தளமாக்குவது அவர் முறை. எல்லா இடத்திலும் வரவேற்பு இருந்தது என்று எண்ண வேண்டா. டிரான்ஸ்வாலில் கிளெர்க்ஸ்டார்ப் நகரில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கும்பல் புகுந்து கூட்டத்தைக் குலைத்தது. குழப்பம் தணிந்தபின் அவர் விட்ட இடத்திலிருந்து உரையைத் தொடர்ந்தார்.

டர்பனில் இந்தியப் பிள்ளைகள் உயர்நிலைக் கல்வி பெறவும் ஆசிரியப் பயிற்சி பெறவும் ஒரு கல்லூரி தேவை என்று அவர் கேட்டார். கட்டடத்திற்கான பொருளை அங்கு வாழ்ந்த இந்தியரே நன்கொடையாகத் திரட்டினர். 1929இல் கல்லூரி திறக்கப்பட்டது. அதற்குச் சாஸ்திரி கல்லூரி என்றே பெயரிட்டனர்.

நாடு திரும்பிய பின்னரும் ஓய்வில்லை. இலண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டார். 1931இல் காந்தியடிகளும் அரசப் பிரதிநிதி இர்வினும் உடன்பாடு காணத் துணை நின்றவர்களுள் அவரும் ஒருவர். 1935 முதல் 1940 வரை சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். காந்தியடிகளின் தன்வரலாற்றை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பைச் சொல் சொல்லாகத் திருத்திக் கொடுத்தவர் சாஸ்திரியார். தம் பெயரை வெளியிடலாகாது என்று கட்டளையிட்டிருந்தமையால், நூலில் மதிப்பிற்குரிய நண்பர் ஒருவர் என்று மட்டுமே குறிக்கப்பட்டார்.

தமிழர்க்கு அவர்மேல் ஒரு மனக்குறையும் உண்டு. அறிவியற் கலைச்சொற்களை ஆக்குவதற்காகச் சென்னை அரசு 1940இல் அமைத்த குழுவிற்கு அவர் தலைவரானார். வடசொற்களை மிகுதியாகக் கொள்ளும் போக்கினைக் கண்டு தமிழறிஞர் பலர் எதிர்த்தெழுந்தனர். ஆங்கிலத்தின் ஒவ்வோர் ஒலிக்கும் அத்துணை மதிப்பளித்தவர், தமிழின் சொல்வளத்தை இன்னும் நம்பியிருக்கலாமே என்று இன்று படிப்பவர்க்கும் தோன்றும்.

1944இல், எழுபத்தைந்தாம் அகவையை எட்டும் வேளையில், இதயநோயால் தளர்ந்த உடலோடு மயிலாப்பூரில் வால்மீகி இராமாயணம் பற்றி முப்பது சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். இராமனைக் கடவுளாக அன்றி, தவறவும் வருந்தவும் கூடிய மனிதனாக வைத்து அவர் ஆராய்ந்தார். 1946 ஜனவரியில் சென்னைக்கு வந்த காந்தியடிகள், மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்த தம் மூத்த சகோதரரைச் சென்று கண்டார். அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார். டர்பனில் அவர் பெயர் தாங்கிய கல்விக்கூடத்தில் இன்றும் பிள்ளைகள் பயின்று வருகின்றனர்.